மகளோடு வெளியூர் போய்விட்ட மனைவி: தந்தை என்ன செய்யலாம்?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன். நானும் மனைவியும் ஓராண்டாகப் பிரிந்து வாழ்கிறோம். ஏழு வயது மகள் மனைவியிடம் இருக்கிறாள். வாராவாரம் போய்ப் பார்த்துவந்தேன். போன மாதம் மனைவிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மகளை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டார். கோர்ட்டில் வழக்கு எதுவும் இல்லை. கடத்தல் புகார் கொடுக்கலாமா?

பதில்: புகார் வேண்டாம். நீதிமன்றத் தடை ஏதும் இல்லாதபோது, பெற்ற தாய் குழந்தையை அழைத்துப்போவது பொதுவாகக் கடத்தல் ஆகாது. அந்தப் புகாரின் நகலே நாளை உங்களுக்கு எதிராகக் கோர்ட்டில் தாக்கலாகலாம்.

1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இந்துக் குழந்தைக்குத் தந்தையைத்தான் முதலில் இயற்கைக் காப்பாளர் (கோர்ட் நியமிக்காமலே சட்டம் ஏற்கும் காப்பாளர்) என்கிறது. இதை மட்டும் நம்பி வழக்குக்கு வராதீர்கள். தந்தை உயிரோடிருக்கும்போதே தாயும் காப்பாளராக இருக்க முடியும் என்று 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, அதே சட்டத்தின் 13-ம் பிரிவு குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. 2010-ல் விக்ரம் வீர் வோரா வழக்கில், ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்த தாய் மகனை அங்கே அழைத்துப்போக உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தந்தை மகனைச் சந்திக்கவும் வழி செய்தது. ஆகவே பெங்களூர் போனதைத் தடுக்கப் போராடுவதைவிட, மகளோடு உங்களுக்குள்ள தொடர்பை உத்தரவாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அதற்குத் தாமதம் கூடாது. 1890-ம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் (காப்பாளர், சிறார்) சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால், அந்த ஊர் கோவைதான் என்று வாதிட இன்று இடமிருக்கிறது. ஒரு கல்வியாண்டு ஓடிவிட்டால் வழக்குக்கே நீங்கள் பெங்களூருக்கு அலைய நேரலாம். கோவை குடும்ப நல நீதிமன்றத்தில் மூல மனுவோடு, வழக்கு முடியும்வரைக்கான உத்தரவைக் கேட்கும் இடைக்கால மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள்.

மனுவில் 'நியாயமான சந்திப்பு வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டைதான். இரண்டாவது, நான்காவது சனி காலை 10 மணி முதல் ஞாயிறு மாலை 5 மணி வரை; குழந்தையை எங்கே ஒப்படைப்பது; பயணச் செலவு யாருடையது என்று வரிவரியாகக் கேளுங்கள். விடுமுறை கேட்குமுன் அந்தப் பள்ளியின் காலண்டரை வாங்கிப் பாருங்கள். இங்கே பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் நாலைந்து நாள் லீவு. அங்கே சங்கராந்திக்குப் பெரும்பாலும் ஒரே நாள், நீண்ட லீவு தசராவுக்குத்தான். பொங்கலை மட்டும் கேட்டு வாங்கினால் கையில் ஒரு நாள்தான் மிஞ்சும். தினமும் வீடியோ காலையும் சேர்த்துக் கேளுங்கள். கஸ்டடி (குழந்தையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை) இல்லாத பெற்றோர் குழந்தையோடு தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பேச வேண்டும் என்று யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கோபத்தில் மகளுக்கான பணத்தை நிறுத்திவிடாதீர்கள். பார்க்க விடாததற்கும் பராமரிப்புச் செலவுக்கும் சட்டத்தில் முடிச்சு கிடையாது. பணத்தை வங்கி மூலமே அனுப்புங்கள், ரொக்கமாக வேண்டாம். மனைவிக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொன்றையும் நீதிபதி படிப்பார் என்று நினைத்தே எழுதுங்கள். வெளிநாட்டுக்கு அழைத்துப்போய்விடுவாரோ என்ற அச்சம் இருந்தால், கோர்ட் அனுமதியின்றிக் குழந்தையை நாட்டை விட்டு அழைத்துச் செல்லக் கூடாது என்ற தடையையும் இடைக்கால மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.