போட்ட சாலைக்கு அளவு உண்டு: உள்ளாட்சிக் கணக்கு கேள்வி–பதில்

சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து உள்ளாட்சி நிதி, சாலை, குடிநீர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் ஊர் ஏற்காடு மலையில், நாகலூர் பக்கம். தெருவுக்குச் சிமென்ட் சாலை போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. நடுவில் பிளந்து, ஓரமெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. கேட்டால் "நிதி இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார்கள். செலவு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது எப்படி?

பதில்: முதலில் அந்தச் சாலை யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மலையில் பாதி மனுக்கள் தவறான அலுவலகத்துக்குப் போய்த்தான் வீணாகின்றன. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊருக்கு ஊர் இணைக்கும் சாலைகளில் பல ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தெருச் சாலை கிராம ஊராட்சியுடையது. காப்புக்காட்டுக்குள் போவது வனத்துறை வழி, எஸ்டேட்டுக்குள் போவது தனியார் பாதையாகவும் இருக்கலாம். உங்களுடையது தெரு என்பதால் பெரும்பாலும் ஊராட்சிக் கணக்கில்தான் வரும். ஆனால் வேறு திட்ட நிதியில் ஒன்றியம் போட்டுக் கொடுத்திருக்கவும் கூடும். வேலை நடந்த இடத்தில் பெயர்ப்பலகை இருந்தால் திட்டத்தின் பெயர், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்ட மனு. இதில் "சாலை ஏன் உடைந்தது?", "ஏன் தரமாகப் போடவில்லை?" என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் சட்டப்படி கேட்க முடியும். விளக்கமும் கருத்தும் சொல்லப் பொதுத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சொல்லிவிட்டது. ஆகவே காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, விரிவான மதிப்பீடு, பணி உத்தரவு, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தில் அந்த வேலைக்குரிய பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, பட்டியல் தொகை கொடுத்த செலவுச் சீட்டு. தெருவின் பெயரையும் நிதியாண்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். "கடந்த பத்து ஆண்டுகளில் போட்ட எல்லாச் சாலைகளும்" என்று கேட்டால், திரட்டித் தர அலுவலகப் பணி பாதிக்கும் என்ற பதில்தான் வரும்.

இவற்றில் உயிரானது அளவுப் புத்தகம். அலுவலகத்தில் 'எம்-புக்' என்பார்கள். பொறியாளர் நேரில் வந்து அளந்து நீளம், அகலம், கனம் என்று எழுதிக் கையெழுத்திடுவது அதில்தான். பட்டியல் தொகை அந்த எண்களிலிருந்தே வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் கான்கிரீட் 45 கன மீட்டர். நேரில் கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் 30 கன மீட்டர். பார்வைக்கு ஒரே சாலைதான், ஆனால் மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட் தரைக்கு வரவேயில்லை.

உங்கள் சாலையில் ஓரம் அரித்திருப்பது அளக்க வசதி. டேப்பை நிறுத்தி, எண் தெரியும்படி படம் எடுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. தரை மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் ஐந்தாறு இடங்களிலாவது அளக்க வேண்டும். அடியில் கிடக்கும் ஜல்லிக் கலவையைச் சேர்த்து அளந்துவிடாதீர்கள், அது எம்-புக்கில் தனி வரியாக இருக்கும். சாலைப் பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டுப் பெறும் உரிமையும் தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது.

கனம் சரியாக இருந்தும் உடைந்திருக்கலாம். மலையில் சிமென்ட் சாலை கெடுவதற்கு முதல் காரணம் பக்கவாட்டில் வடிகால் இல்லாததுதான். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் சாலைக்கு அடியில் புகுந்து மண்ணைக் கரைத்துவிடும். அடித்தாங்கல் போனபின் வண்டி ஏறினால் கான்கிரீட் பலகை பிளக்கும். மதிப்பீட்டில் வடிகாலே இல்லையென்றால் மதிப்பீடு தயாரித்தவரைக் கேட்க வேண்டும். இருந்தும் கட்டவில்லை என்றால் ஒப்பந்ததாரரையும், கட்டியதாக அளந்து எழுதியவரையும் கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

இன்னொன்று. சிமென்டும் ஜல்லியும் கீழிருந்து ஏற வேண்டும் என்பதால் மலை மதிப்பீட்டில் ஏற்றுச்செலவு தனியாகச் சேரும். சமவெளியில் உள்ள ஓமலூரில் போட்ட சாலையின் தொகையோடு ஒப்பிட்டுக் கொள்ளை என்று முடிவு கட்டினால் நியாயமான உங்கள் புகாரும் பலமிழக்கும். பொருள் எங்கிருந்து வந்ததாக எழுதியிருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். தூரத்தைக் கூட்டி எழுதியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

"நிதி இல்லை" என்பது உங்கள் விஷயத்தில் பதிலே அல்ல. ஒப்பந்தத்தில் பழுதுபொறுப்புக் காலம் என்று ஒன்று எழுதியிருப்பார்கள். அதற்குள் உடைந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அதற்காகவே அவருடைய பிணைத்தொகை பிடித்து வைக்கப்படுகிறது. அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது, பிணைத்தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டதா என்பதற்கான ஆவணத்தைக் கேளுங்கள். முடிவதற்கு முன்பே படங்களோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது.

கேள்வி: தகவல் மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது? பதில் வராவிட்டால்?

பதில்: 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முத்திரைத்தாள் விற்பவர்களிடம் கிடைக்கும். ஊராட்சி விஷயம் என்றால் ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும், நகரம் என்றால் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கும் முகவரியிடுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை, பிரிவு 6(3). நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை, தபாலில் அனுப்பினால் ஒப்புகை. இது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கம் நிறைய இருக்கும் என்று தோன்றினால் முதலில் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பார்த்துவிட்டு, தேவையான பக்கங்களுக்கு மட்டும் நகல் வாங்கலாம்.

30 நாளில் பதில் வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதை அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அவர் 30 நாளில், மிஞ்சிப்போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கெடு தாண்டித் தரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது, பிரிவு 7(6). காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் போடலாம்.

பலர் சறுக்குவது ஓர் இடத்தில்தான். "தகவல் இல்லை" என்று பதில் வந்ததும் புதிதாக இன்னொரு மனு போடுகிறார்கள். அப்படிச் செய்தால் கெடு முதலிலிருந்து ஓடும். பணம் கொடுத்த வேலைக்கு எம்-புக் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய ஆதாரம். அதை வைத்து மேல்முறையீடு செய்யுங்கள், கூடவே ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கு நகலை இணைத்துப் புகார் கொடுங்கள்.

கேள்வி: கிராம சபையில் கேள்வி கேட்டால் "எழுதிக்கொள்கிறோம்" என்கிறார்கள். பிறகு ஒன்றும் நடப்பதில்லை. தலைவரே இல்லாதபோது கூட்டம் எதற்கு?

பதில்: சேலம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி நிர்வாகத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தலைவர் நாற்காலியில் யாருமில்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்தில்தான் கிராம சபை இன்னும் அவசியம். நேரில் கேட்பதற்கு மக்களுக்கு வேறு இடமே இல்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். குறைவெண் வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. மலையில் குக்கிராமங்கள் சிதறிக் கிடப்பதால், கூட்டம் நடக்கும் ஊர்க்காரர்களே பெரும்பாலும் நிறைந்திருப்பார்கள். ஆகவே தூரத்து ஊர்க்காரர்கள் ஒரே வண்டியில் சேர்ந்து போவது நல்லது. காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள் என்றாலும் சொல்லாவிட்டால் வரமாட்டார்கள்.

கேள்வியைத் தீர்மான வடிவில் எழுதியே கொண்டுபோங்கள். "கிழக்குத் தெருச் சாலையை பழுதுபொறுப்புக் காலத்துக்குள் ஒப்பந்ததாரரைக் கொண்டு சரிசெய்ய வேண்டும்" என்று ஒரே வாக்கியம் போதும். தீர்மானப் புத்தகத்தில் எண்ணுடன் அது ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வந்ததும் வருகைக்கு வாங்கும் கையெழுத்து வேறு, தீர்மானம் எழுதி முடிந்தபின் போடுவது வேறு. வெற்றுப் பக்கத்தில் மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

வரவு செலவுக்குப் 'படிவம் 30' சுருக்கத்தைச் சபையில் படிக்கச் சொல்லுங்கள். மின்கட்டணம், தெருவிளக்குப் பொருள், ப்ளீச்சிங் பவுடர் என்ற வரிகள் வரும்போது நிறுத்திக் கேளுங்கள். சின்னச் சின்னத் தொகையாக அடிக்கடி கழியும் இடங்கள் அவைதான்.

கேள்வி: குடிநீர்த் தொட்டியில் மருந்து கலப்பதே இல்லை என்று சந்தேகம். பவுடர் வாங்கிய கணக்கு மட்டும் இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: தோராயமாக 1,000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்று வையுங்கள். 30,000 லிட்டர் தொட்டியை நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் 120 கிராம், மாதத்துக்கு 3.6 கிலோ. 25 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய ஏழு மாதம் வரும். அந்த ஒரு தொட்டிக்கு மாதம் இரண்டு மூட்டை என்று செலவெழுதியிருந்தால் இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும்: பிரித்த மூட்டை ஈரக்காற்றில் வீரியம் இழக்கும், ஏற்காட்டுப் பனியில் இன்னும் சீக்கிரம். அதனால் கொஞ்சம் கூடுதல் செலவு இயல்பே. பத்து மடங்கு இயல்பல்ல.

கலந்தார்களா என்று அறிய, கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பார்க்க வேண்டும். தொட்டிக்கு அருகில் பார்த்தால் எப்போதும் நன்றாகவே காட்டும். சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாக மாறும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஊராட்சியிலேயே சோதனைப் பெட்டி இருக்கும். கொண்டுவந்து உங்கள் வாசலில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே கட்டுண்ட தொகை, அதாவது வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாதது. அது எந்தத் தேதியில் எதற்குப் போனது என்பதை 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் ஊராட்சி வாரியாகப் பார்க்கலாம்.

கேள்வி: அம்மாபேட்டையில் எங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டார்கள். பழையபடி சாலை ஆகும்வரை சொத்து வரியை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வட்டி ஏறும், பாக்கிதாரர் என்று சொல்லி உங்கள் பேச்சை மதிக்கவும் மாட்டார்கள். அரையாண்டின் முதல் மாதத்திலேயே, ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கிடைக்கும். கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேட்க வேண்டியது, குழாய் பதிக்கும் ஒப்பந்தத்தில் சாலையைச் சீரமைக்கும் வேலை சேர்ந்திருக்கிறதா என்பது. சேர்ந்திருந்தால் ஒப்பந்ததாரர் பொறுப்பு. தனி வேலை என்றால் அதற்கான மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது என்று மண்டல உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மண்ணைப் படிப்படியாக நீர்விட்டு இறுக்காமல் மேலே தார் போட்டால் அடுத்த மழையில் குழி விழும் என்பதால், அவசரமாகப் போடச் சொல்லியும் நெருக்காதீர்கள். இறுக்கும் வேலை நடக்கும் நாளில் தெருக்காரர்கள் இரண்டு பேர் நின்று பாருங்கள். சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளிலும் மாமன்ற உறுப்பினர் தலைமையில் வார்டு குழுவும், பகுதி சபைகளும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய பகுதி சபை உங்கள் பகுதியில் கடைசியாக என்று கூடியது, அதன் கூட்டக் குறிப்பு எங்கே என்பதையும் அதே மனுவில் சேர்த்துவிடுங்கள்.