பல் கட்டுவதற்காக நிலையான வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 61. திருகோணமலை உவர்மலையில் தனியாக இருக்கிறேன். ஓய்வூதியம் மாதம் 64,000 ரூபாய், கடன் ஒன்றும் இல்லை. வங்கியில் 12 லட்சம் ரூபாய் நிலையான வைப்பு இருக்கிறது. ஒரு வருட வைப்பு, முதிர இன்னும் நான்கு மாதம். சேமிப்புக் கணக்கில் 240,000 ரூபாய். கீழ்த்தாடையில் இடப்பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களும் ஆறு வருடத்துக்கு முன் போய்விட்டன. வலப்பக்கம் நடுவில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. கழற்றிப் போடும் பல் செட் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு தனியார் பல் வைத்திய நிலையத்தில் மூன்று இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு வைத்து அதன் மேல் பூட்டும் பல்) வைக்க 570,000 ரூபாய் சொல்கிறார்கள். பாதி இப்போது, மீதி பல் பூட்டும்போது. வலப்பக்கத்துக்கு மட்டும் பிரிட்ஜ் (இரு புறப் பற்களையும் பிடித்து நிற்கும் பல்) என்றால் 120,000. இந்த மாதத்துக்குள் பதிந்தால் பத்து வீதம் கழிவு, கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணையும் உண்டாம். வைப்பை உடைப்பதா, எட்டுப் பவுண் நகையை அடகு வைப்பதா? கட்டாரில் இருக்கும் மகன் தான் அனுப்புகிறேன் என்கிறான், ஆனால் அவன் வீடு கட்டிய கடன் இன்னும் முடியவில்லை. எனக்குச் சீனி வருத்தம் உண்டு, குளிசை எடுக்கிறேன்.

பதில்: ரீச்சர், பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று பார்ப்போம். இந்த 570,000 ரூபாயை அப்படியே ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இடப்பக்கம் கடைசி இரண்டு பற்களும் இல்லை என்கிறீர்கள். அந்த இரண்டையும் கட்டாயம் வைக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். எல்லாக் கடைவாய்ப் பற்களும் இருந்தால்தான் நன்றாகச் சாப்பிடலாம் என்பதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த கைசர் என்ற பல் வைத்தியப் பேராசிரியர் 1980களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். முன்பற்களும் அவற்றை அடுத்த சிறிய கடைவாய்ப் பற்களும் நல்ல நிலையில் இருந்தால், பின்னால் உள்ளவை இல்லாமலும் பெரும்பாலானோர் சமாளித்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. வாழ்நாள் முழுக்க 20 இயற்கைப் பற்களாவது இருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனமும் வைத்த இலக்கு. முழுதாக 32 என்று அது சொல்லவில்லை. ஆகவே இடப்பக்கம் இரண்டுக்குப் பதிலாக ஒன்று, அதுவும் முன்னால் இருப்பது மட்டும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். மேல்தாடையில் எதிரே உள்ள பல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்து வைத்தியர் சொல்ல வேண்டிய பதில் இது. போதும் என்று சொன்னால் அந்த நிமிடமே 190,000 ரூபாய் மிச்சம். அவர்கள் காட்டும் பத்து வீதக் கழிவு வெறும் 57,000.

வலப்பக்கத்துக் கதை வேறு. அங்கே இரண்டு புறமும் பல் இருப்பதால் பிரிட்ஜும் போடலாம். 190,000 ரூபாய் இம்ப்ளான்டை விட 120,000 ரூபாய் பிரிட்ஜ் மலிவு என்று தோன்றும். ஆனால் பிரிட்ஜ் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். உங்களுக்கு 61 வயது. அடுத்த இருபது வருடத்தில் அதை ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும் என்று வைத்தால் இன்றைய விலையிலேயே 240,000. இம்ப்ளான்டில் எலும்புக்குள் இருக்கும் டைட்டானியம் திருகு நீண்ட காலம் நிற்கும். 1965 இல் சுவீடனில் பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முதன்முதலாக இப்படிப் பல் வைத்த நோயாளி, அதோடு நாற்பது வருடம் வாழ்ந்தார். மேலே பூட்டும் பல்லை மட்டும் இடையில் ஒரு தடவை மாற்ற நேரலாம். அதையும் சேர்த்தால் இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். எனவே இங்கே விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், பக்கத்துப் பற்களைப் பாருங்கள். பிரிட்ஜ் போட அந்த இரண்டு பற்களையும் சுற்றிச் சீவ வேண்டும். அவை ஏற்கனவே பெரிதாக அடைத்த பற்கள் என்றால் பிரிட்ஜ் நல்ல தெரிவு. நல்ல பற்கள் என்றால் அவற்றைச் சீவ நான் சம்மதிக்க மாட்டேன்.

சரி, இரண்டு இம்ப்ளான்ட் என்றே வைத்துக்கொள்வோம். 380,000 ரூபாய். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எலும்புத் தூள் வைப்பது என்று வேறு செலவுகளும் வரும். சொன்ன விலைக்குள் எது எது அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். நான் இதற்கென்று 60,000 ஒதுக்கி, மொத்தம் 440,000 என்று கணக்குப் போடுகிறேன்.

இந்தப் பணம் ஒரே நாளில் போகாது என்பதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி. திருகை வைத்த பிறகு எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும். கீழ்த்தாடையில் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கும். அப்புறம்தான் மேலே பல் பூட்டுவார்கள். உங்கள் வைப்பு நான்கு மாதத்தில் முதிர்கிறது. அதனால் முதலில் இடப்பக்கம் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். ஸ்கேனும் பரிசோதனையும் 60,000 முழுவதையும் எடுத்தாலும், திருகுக்கான 95,000 ரூபாயோடு சேர்த்து 155,000. சேமிப்புக் கணக்கில் 85,000 மிஞ்சும். பல் பூட்டும் நேரத்தில் வைப்பு கையில் இருக்கும். மீதி 95,000 ரூபாயையும், பிறகு வலப்பக்கத்துக்கு வேண்டிய 190,000 ரூபாயையும் அதிலிருந்து எடுக்கலாம். வட்டியைச் சேர்க்காமலே வைப்பில் 915,000 நிற்கும். உடைக்கவும் வேண்டாம், அடகு வைக்கவும் வேண்டாம்.

இப்படிப் பிரித்துச் செய்யச் சொல்ல இன்னொரு காரணம் உங்கள் சீனி வருத்தம். சீனி கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறுவது தாமதமாகும், இம்ப்ளான்ட் பிடிக்காமல் போகும் வாய்ப்பும் கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்து, அந்த அறிக்கையோடு போங்கள். எலும்புத் தேய்வுக்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதலாவது ஒழுங்காகப் பிடித்ததைப் பார்த்துவிட்டு இரண்டாவதுக்குப் பணம் கட்டலாம். மூன்றையும் ஒன்றாக வைத்து ஏதாவது பிசகினால் நட்டம் முழுவதும் உங்கள் தலையில் விழும். இம்ப்ளான்ட் பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துத் தருவார்களா, அதற்குத் தனியாகக் காசு வாங்குவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாதத்துக்குள் பதிய வேண்டும் என்ற அவசரத்துக்கு வருகிறேன். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு மெலிவது உண்மைதான். ஆனால் அந்தத் தேய்வில் பெரும் பகுதி முதல் வருடத்திலேயே நடந்துவிடும். இடப்பக்கம் போய் ஆறு வருடம். இன்னும் சில வாரம் பொறுத்து இன்னொரு வைத்தியரிடமும் காட்டுவதால் பெரிய நட்டம் ஒன்றும் வராது. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவிலோ, கண்டிப் பக்கம் போக முடிந்தால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலோ காட்டுங்கள். ஒரு நாள் அலைச்சல்தான். 190,000 ரூபாய் மிஞ்சக்கூடிய கேள்விக்கு அந்த அலைச்சல் தகும்.

சென்னையில் மலிவு என்று சொல்ல ஆள் இருக்கும். குறைந்தது இரண்டு பயணம், தங்கும் செலவு, பிறகு ஒரு திருகு தளர்ந்தாலும் திரும்ப விமானம். இரண்டு பல்லுக்காக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கார்ட் தவணை வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் சேவைக் கட்டணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் தவறினால் வரும் வட்டி, உங்கள் வைப்பு தரும் வட்டியைவிடப் பல மடங்கு. நகைக்கும் இதே பதில்தான். அடகில் கிடைப்பது நகையின் மதிப்பில் ஒரு பங்கு, வட்டி மாதாமாதம் ஏறும், தவணைக்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். கையில் சொந்தக் காசு இருக்கும்போது எட்டுப் பவுணை அந்த ஆபத்தில் வைக்கத் தேவையில்லை. இந்த நான்கு மாதத்துக்குள் வேறு அவசரச் செலவு வந்தாலும் வைப்பை உடைக்காதீர்கள். அதையே ஈடாக வைத்து அதே வங்கியில் கடன் எடுக்கலாம். வைப்பு வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டிதான் கேட்பார்கள், முதிர்ந்ததும் கழித்துக்கொள்வார்கள்.

மகனிடம் இப்போது பணம் வாங்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். அவன் தன் கடனை முடிக்கட்டும். எலும்பு வைக்கும் செலவு நினைத்ததைவிடக் கூடினால் அந்த வித்தியாசத்தை மட்டும் அவனிடம் கேளுங்கள். கொடுக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அதுவும் ஒரு நிம்மதி.

பணம் கட்டும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: எந்த நிறுவனத்தின் இம்ப்ளான்ட், என்ன அளவு, என்ன தொகுதி இலக்கம் என்று குறித்த அட்டை. ஒவ்வொரு நிறுவனத்தின் உதிரிப் பாகமும் வேறு. பத்து வருடம் கழித்து அந்த வைத்தியர் ஊரில் இல்லாவிட்டாலும், மகனோடு வேறு நாட்டுக்கே போனாலும், அந்த அட்டை இருந்தால்தான் இன்னொருவர் சரியான பாகத்தைத் தேடிப் பூட்ட முடியும். அது இல்லாமல் திருகையே மாற்ற வேண்டி வந்தால் முழுச் செலவும் மறுபடி தலையில் விழும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். இலங்கையில் வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,100,000 ரூபாய் வரைதான். உங்கள் 12 லட்சம் ஒரே வங்கியில் கிடக்கிறது. இந்தச் சிகிச்சைக்கு எடுத்த பிறகு அது எல்லைக்குள் வந்துவிடும்; மீண்டும் வளர்ந்தால் மேலதிகத்தை வேறு வங்கியில் போடுங்கள். அடுத்தது வரி. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் பத்து வீதம் பிடிக்கிறார்கள். உங்கள் வருமானம் வருடம் 1,800,000 ரூபாய் என்ற வரி எல்லைக்குக் கீழே இருப்பதால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைப் பிடிக்காமல் செய்யலாம். வட்டி எட்டு வீதம் என்று வைத்தால் 12 லட்சத்துக்கு வருடம் 9,600 ரூபாய் கையில் நிற்கும். இம்ப்ளான்ட் வைத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முரசைச் சுத்தம் செய்ய வைத்தியரிடம் போக வேண்டும். அந்தக் காசை அதற்கு ஒதுக்குங்கள்.