சைக்கிள் திட்டத்தில் உதிரிபாகம் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். என்.எச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆண்டுச் சம்பளம் 38,000 பவுண்டு, என்.எச்.எஸ். ஓய்வூதியத்தில் இருக்கிறேன். சொந்தச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள், வேலை நேரத்திலேயே மூன்று மைல் தள்ளியிருக்கும் கிளினிக்குக்கும் அதில் போய்த் திரும்புகிறேன். பின்சக்கரம், செயின், கியர் பற்சக்கரம், பிரேக் கட்டை, சீட் எல்லாம் மாற்ற வேண்டும்; 220 பவுண்டு ஆகும். நல்ல பூட்டு, விளக்குகள், ஹெல்மெட், மட்கார்டு, கேரியர், பை ஆகியவற்றுக்கு இன்னும் 300 பவுண்டு. 'சைக்கிள் டு வொர்க்' திட்டத்தில் இந்த 520 பவுண்டையும் எடுக்கலாமா? கடைக்காரர், "புதுச் சைக்கிள் என்று ஒரே பில் போட்டுத் தருகிறேன், யாரும் பார்க்கப்போவதில்லை" என்கிறார். கையில் சேமிப்பு இருக்கிறது. கடன் எதுவும் இல்லை.

பதில்: 300 பவுண்டுக்கு எடுக்கலாம். 220 பவுண்டுக்கு எடுக்க முடியாது. அந்த ஒரே பில் வேண்டவே வேண்டாம், சகோதரி.

இந்தத் திட்டத்தில் வேலை கொடுப்பவர் பொருளை வாங்கி இரவலாகக் கொடுப்பார்; அதற்கு ஈடாக வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்தில் ஒரு பகுதியை ஊழியர் விட்டுக்கொடுப்பார். இதற்கான வரிச்சலுகை 2003ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 244ஆம் பிரிவில் இருக்கிறது. வேலை கொடுப்பவர் ஊழியருக்குச் சைக்கிளையோ, சைக்கிள் ஓட்டுபவருக்கான பாதுகாப்புச் சாதனங்களையோ இரவலாகக் கொடுத்தால் அதற்கு வரி இல்லை என்கிறது அந்தப் பிரிவு. 'அல்லது' என்று இருப்பதால் சைக்கிள் வாங்காமல் சாதனங்களை மட்டும் எடுக்கவும் வழி இருக்கிறது. ஏற்கெனவே சைக்கிள் வைத்திருக்கும் பலருக்கு இது தெரிவதில்லை. ஆனால் 'சைக்கிள்' என்பதற்கு 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொடுக்கும் பொருளையே இந்தப் பிரிவும் எடுத்துக்கொள்கிறது. அது முழு வண்டியைத்தான் குறிக்கும். தனியாக ஒரு சக்கரமோ செயினோ அந்தப் பொருளுக்குள் வராது.

பாதுகாப்புச் சாதனம் எது என்பதற்குப் போக்குவரத்து அமைச்சகத்தின் வழிகாட்டியில் பட்டியல் இருக்கிறது. ஹெல்மெட், மணி, விளக்கு, பூட்டு, பூட்டுச் சங்கிலி, கேரியர், பக்கவாட்டுப் பைகள், குழந்தை இருக்கை, பிரதிபலிக்கும் உடை, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, சிறு கருவிகள் ஆகியவை அதில் வருகின்றன. மட்கார்டும் உண்டு, பார்வை மறையாமல் ஓட்டுவதற்கு அது உதவும் என்பது காரணம். ஆகவே உங்கள் 300 பவுண்டுப் பட்டியல் முழுவதும் தேறிவிடுகிறது. பழைய சைக்கிளில் பொருத்திக்கொள்வதிலும் தடையில்லை. பாதிக்கு மேற்பட்ட பயன்பாடு வேலைக்குப் போய்வருவதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரேக் கட்டையைவிடப் பெரிய பாதுகாப்புச் சாதனம் எது என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். தேய்ந்த பிரேக்கோடு மழையில் ஹாரோ மேட்டிலிருந்து இறங்குபவருக்கு ஹெல்மெட்டைவிட அதுதான் முக்கியம். ஆனாலும் தேய்மானத்துக்கு மாற்றும் பாகங்களுக்கு இந்தச் சலுகையில் இடமில்லை. புதிதாக வாங்குபவருக்குச் சலுகை உண்டு, இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுபவருக்கு இல்லை என்பது எனக்கும் வருத்தம் தருகிறது. இந்த விதி மாற வேண்டும் என்றே நினைக்கிறேன். மாறும்வரை பாகங்களுக்குக் கைக்காசுதான்.

கடைக்காரர் சொன்ன யோசனையில் மாட்டிக்கொள்ளப்போவது நீங்கள்தான். வாங்காத சைக்கிளுக்குப் பில் என்றால் அது பொய்யான பில். உங்கள் மருத்துவமனை அதை நம்பிச் சம்பளத்தைக் குறைக்கும். வரித்துறைக்கும் அப்படியே கணக்குக் கொடுக்கும். தெரியவந்தால் வரிவிலக்கு போய்விடும், வேலையிடத்தில் நேர்மையைப் பற்றிய விசாரணை வரும். அந்த 220 பவுண்டில் உங்களுக்குக் கிடைக்கும் வரி லாபம் 62 பவுண்டுக்குள்தான். இதற்காக ஒரு அரசு மருத்துவமனை வேலையைப் பணயம் வைக்கலாமா? மலிவான சைக்கிள் ஒன்றைத் திட்டத்தில் எடுத்து அதைக் கழற்றிப் பாகங்களை மாட்டிக்கொள்வதும் சரிவராது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை அது உங்கள் உடைமை இல்லை.

இனி அந்த 300 பவுண்டைப் பார்ப்போம். எடுக்கலாம் என்பது சரி, எடுக்க வேண்டுமா?

2025-26 விகிதங்களில் கணக்குப் போடுகிறேன். பன்னிரண்டு மாதம், மாதம் 25 பவுண்டு வீதம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். வருமான வரி 20%, தேசியக் காப்புறுதி (நேஷனல் இன்சூரன்ஸ்) சந்தா 8%. இரண்டிலுமாக 84 பவுண்டு மிச்சம். உங்கள் சம்பளத்துக்கு ஓய்வூதியச் சந்தா 9.8%. அதுவும் குறைவதால் வரி போக இன்னும் ஏறத்தாழ 23 பவுண்டு மிஞ்சும். ஆக, 300 பவுண்டுப் பொருளுக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் குறைவது சுமார் 193 பவுண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது.

ஆனால் இந்த 107 பவுண்டு மிச்சத்திலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும். முதலாவது, ஒப்பந்தம் முடிந்ததும் பொருளை உங்களுடையதாக்கிக்கொள்ளக் கட்டும் தொகை. பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் அட்டவணைப்படி 500 பவுண்டுக்குக் குறைந்ததற்கு ஓராண்டு முடிவில் மதிப்பு 18%, நான்காண்டு முடிவில் 3%. முதலாண்டிலேயே வாங்கினால் 54 பவுண்டு. இரவல் காலத்தை நீட்டி நான்காண்டில் முடித்தால் 9 பவுண்டு. நீட்டிக்க வழி இருந்தால் நீட்டுங்கள்.

இரண்டாவதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. என்.எச்.எஸ். ஓய்வூதியத்தின் 2015 திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு ஆயுள் முழுவதற்குமான ஓய்வூதியமாகச் சேர்கிறது. விட்டுக்கொடுத்த சம்பளம் அந்தக் கணக்கில் வராது. 300 பவுண்டை விட்டுக்கொடுத்தால் ஆண்டு ஓய்வூதியத்தில் ஏறத்தாழ ஐந்தரைப் பவுண்டு குறையும். ஓய்வுக்குப் பின் இருபது ஆண்டு வாழ்ந்தால், இன்றைய மதிப்பில் 111 பவுண்டு. இன்றைக்கு மிச்சம் பிடித்ததாகத் தோன்றியது முதுமையில் ஏறத்தாழ முழுவதுமாகப் போய்விடுகிறது.

கையில் சேமிப்பு இருப்பதால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: தள்ளுபடிக் காலத்தில் ரொக்கமாக வாங்குங்கள். 20% தள்ளுபடி கிடைத்தால் 240 பவுண்டில் முடிந்துவிடும், ஓய்வூதியமும் குறையாது. கிரெடிட் கார்டுக் கடனில் வாங்க வேண்டிய நிலையில் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். வட்டியில்லாத பன்னிரண்டு மாதத் தவணை அப்போது பெரிய உதவி. 40% வரி கட்டுபவருக்கும் கணக்கு மாறும். தனியார் வேலையில் இருப்பவர்கள் சம்பளப் பிரிவிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஓய்வூதியச் சந்தாவைக் குறைத்த சம்பளத்தில் கணக்கிடுகிறீர்களா, பழைய சம்பளத்திலா? பழைய சம்பளம் என்றால் இந்த இழப்பே இல்லை. திட்டத்தில் தாராளமாகச் சேரலாம். கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கோ இந்தக் கதவே திறப்பதில்லை. சம்பளக் குறைப்பால் ஊதியம் அந்த எல்லைக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு உண்மையான பணம் அதில்தான் இருக்கிறது. கிளினிக்குக்கு வேலை நேரத்தில் போய்வருவது அலுவலகப் பயணம். சொந்தச் சைக்கிளில் அப்படிப் போனால் மைலுக்கு 20 பென்ஸ் வரியில்லாமல் வாங்கலாம், என்.எச்.எஸ். ஊழியர் விதிகளிலும் சைக்கிளுக்கு அதே 20 பென்ஸ்தான். நாளொன்றுக்கு ஆறு மைல், வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 44 வாரம் என்றால் 528 மைல். 105 பவுண்டு 60 பென்ஸ். இந்தப் படி வண்டித் தேய்மானத்துக்காகவே கொடுக்கப்படுவது. உங்கள் உதிரிபாகச் செலவில் ஏறத்தாழ பாதியை இதுவே கட்டிவிடும், அதுவும் ஆண்டுதோறும். திட்டத்தில் எடுத்த சைக்கிள் இரவலாக இருக்கும்வரை அதற்கு இந்த வரியில்லாப் படி பொருந்தாது. பழைய சைக்கிளை வைத்துக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

உதிரிபாகச் செலவையும் குறைக்கலாம். செயினில் ஒரு ஆணியின் நடுவில் அடிக்கோலின் தொடக்கத்தை வைத்துப் பன்னிரண்டு அங்குலம் அளந்து பாருங்கள். புதுச் செயினில் அந்த இடத்தில் சரியாக இன்னொரு ஆணியின் நடு வந்து நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பற்சக்கரமும் அநேகமாகத் தேய்ந்திருக்கும், இரண்டுக்கும் காசு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால், விலை கூடிய பற்சக்கரம் பிழைத்துக்கொள்ளும்.

பிரேக் கட்டையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே மாற்றிவிடுங்கள். திங்கட்கிழமை மேலாளரிடம் கிளினிக் பயணத்துக்கான மைல் படிப் படிவத்தைக் கேளுங்கள். பழைய பயணங்களுக்கு எத்தனை மாதம்வரை பின்னோக்கிக் கோரலாம் என்பதையும் அப்போதே கேட்டு, உங்கள் பணி அட்டவணையிலிருந்து கிளினிக் நாட்களைக் குறித்துக்கொண்டு போங்கள்.