சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர்கள். இரண்டரை அடி உயரம் வரை பூச்சு பொரிந்து உதிர்ந்ததால், சிமென்ட் பூசி வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தோம். இப்போது ஈரம் நாலடிக்கு ஏறிவிட்டது. ஏன்?

பதில்: சிமென்ட் பூசியதால்தான் ஏறியது. அந்தக் காலச் சுவர்களுக்கு அடியில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியே அது ஆவியாகிப் போய்விடும். அந்த வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். ஈரம் வெளியேற இடம் தேடி மேலே போகிறது. கூடவே வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளுகிறது.

முதல் வேலை வீட்டுக்கு வெளியே. சுற்றியுள்ள மண், வீட்டுத் தளத்தைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல வருடங்களாக மண் கொட்டிக் கொட்டி அந்த இடைவெளி மூடிப்போயிருக்கும், வெட்டி எடுங்கள். மழைநீர்க் குழாய் சுவரோரம் கொட்டுகிறதா, கழிவுநீர்க் குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் உள்ளே எதைப் பூசினாலும் பணம் வீண்.

அடுத்து, ஈரக் கோட்டுக்கு அரை மீட்டர் மேல்வரை சிமென்டைக் கொத்தி எடுக்க வேண்டும். உளியைச் சாய்த்துப் பிடித்துக் கையால்தான் கொத்த வேண்டும். மெஷின் வைத்தால் செங்கலின் முகமே பெயர்ந்து வரும். உதிரும் சாந்தை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். பிறகு சுவரை உலர விடுங்கள். ஒவ்வொரு 2.5 செ.மீ. தடிமனுக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கணக்கு. அவ்வளவு காலம் முடியாவிட்டாலும் ஒரு வறண்ட பருவமாவது திறந்து போடுங்கள்.

பூச்சுக்கு, நீற்றிப் பல வாரம் ஊறவைத்த சுண்ணாம்பு விழுது 1 பங்கு, உப்பில்லாத கரடு மணல் 3 பங்கு. சரியாக நீறாத துணுக்குகள் இருந்தால் மாதங்கள் கழித்துப் பொரிந்து குழி விழும், சலிக்காமல் விடாதீர்கள். சுவரை நனைத்து, முதல் பூச்சு 1 செ.மீ., அடுத்தது 8 மி.மீ., கடைசியாக 3 மி.மீ. நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. அந்தப் பதம் வந்த பிறகே அடுத்த பூச்சு. வெயில் நேராகப் படும் இடத்தில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். 'சீக்கிரம் இறுக ஒரு சட்டி சிமென்ட் போடலாமே' என்று கொத்தனார் கேட்டால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கொஞ்சமாகச் சேர்க்கும் சிமென்ட் சுண்ணாம்பை வலுவிழக்கத்தான் செய்யும். மேலே பால் பதத்தில் நாலைந்து கை சுண்ணாம்பு அடித்தால் போதும். எமல்ஷன் வேண்டாம்.

கேள்வி: பழைய மர உத்திர வீட்டில், ஒயரைச் சுவருக்குள் புதைக்கும் கன்சீல்டு ஒயரிங் செய்யலாமா?

பதில்: கூடியவரை வேண்டாம். சுவரில் வெட்டும் காடி, மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும், குறுக்கே கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழம் போகக்கூடாது. சுண்ணாம்புச் சுவரில் குறுக்குக் காடியே வெட்டாமல் இருப்பதுதான் என் யோசனை. உத்திரத்தின் மேல் விளிம்பை ஒட்டியும் கதவுச் சட்டத்தின் ஓரத்திலும் வெளிப்புறக் குழாய் ஓட்டினால் கண்ணை உறுத்தாது, நாளைக்குக் கழற்றவும் முடியும். உத்திரத்தின் அடிப்பக்கத்தை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். பாரத்தில் அதிகம் இழுபடுவது அந்த விளிம்புதான்.

பழைய ரப்பர் உறை ஒயர் தொட்டாலே உதிரும், முழுவதையும் மாற்றுங்கள். செம்பு ஒயரில் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனி லைனாக 4 சதுர மி.மீ. சரியான எர்த்திங்கோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

கேள்வி: ஜன்னல்களின் அடிக்கட்டை உளுத்துவிட்டது. யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் கீழே ஒரு சாண் மட்டும்தான் மெத்தென்று இருக்கும். கெட்டியான மரம் வரை அறுத்து, அதே வகை மரத்தை ரேகை ஒத்துவரும்படி சாய்வு வெட்டில் ஒட்டினால், மற்ற பாகமெல்லாம் பழையதாகவே நிற்கும். புது அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். தண்ணீர் தேங்கியதால்தான் உளுத்தது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்க்கவோ தீயால் பொசுக்கவோ கூடாது. நனைத்துத் தேய்த்து, குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: மரத்தள மாடியில் பாத்டப் வைக்க ஆசை.

பதில்: 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. தொட்டியும் ஆளும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் உத்திரங்களைப் பார்க்கும் முன் தொட்டி வாங்காதீர்கள். ஷவர் போதுமென்றால், கீழ்த்தளத்தில் ஏற்கெனவே குழாய் போகும் பக்கமாக வையுங்கள். குளியலறைத் தடுப்பை 7 அடியோடு நிறுத்தினால் பழைய கூரை வேலைப்பாடு அப்படியே தெரியும்.