கூச்சத்தை அளக்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கூச்சத்தை அளக்கும் கேள்வித்தாள்களைத் தமிழாக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். கொழும்பிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வெள்ளவத்தை அம்மா ஒருவர்: அக்கா, மகள் ஆங்கிலத்தில் ஒரு கூச்சப் பரிசோதனை செய்தாள். 13 கேள்விக்கு 48 புள்ளி. பயப்பட வேணுமா?

அது சீக், பஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்ட அளவுகோலின் விரிந்த வடிவமாக இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை போடலாம். எல்லாம் கூட்டினால் உச்சம் 65. 48 கொஞ்சம் கூடத்தான். ஆனால் அதில் ஒரு கேள்வி, ஒருவரை நேருக்கு நேர் கண் பார்த்துக் கதைக்கச் சிரமமா என்பது. எங்கள் வீடுகளில் பெரியவர் ஏசும்போது நிமிர்ந்து பார்த்தால், "என்ன முறைக்கிறாய்?" என்று இன்னும் இரண்டு ஏச்சு விழும். அப்படி வளர்ந்த பிள்ளை மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்தினாலும், தாளில் அது கூச்சமாக ஏறிவிடும். புள்ளியை விடுங்கள். தெரிந்த பதிலுக்கும் கை உயர்த்தாமல் இருக்கிறாளா? ஆசைப்பட்ட பிறந்தநாளுக்குப் போகாமல் நின்றுவிடுகிறாளா? அதைக் கவனியுங்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை: தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் சரிதானே?

நானும் அப்படித்தான் தொடங்கினேன் மிஸ். முதல் வரைவில் 'வெட்கம்' என்று போட்டிருந்தேன். ஒரு அம்மம்மா தாளை மடித்து என் கையில் தந்து, "வெக்கம் இல்லாட்டி அவள் பொம்பிளையே?" என்று கேட்டார். அவருக்கு அது நல்ல குணத்தின் பெயர். சிங்களத்தில் 'லஜ்ஜா பய' என்பதும் அப்படித்தான், பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கும் பண்பு. அப்புறம் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு, "புது ஆளோடு கதைக்கும்போது வார்த்தை வராமல் தடுமாறுவீர்களா?" என்று மாற்றினேன். அதற்குத் தயங்காமல் பதில் சொன்னார்.

தெஹிவளை மாணவன்: எந்த நாட்டில் கூச்சம் கூட?

தம்பி, 1970களில் உளவியலாளர் சிம்பார்டோ அமெரிக்காவில் கேட்டபோது சுமார் 40 வீதமானோர் தாங்கள் கூச்ச சுபாவிகள் என்றார்கள். ஜப்பானிலும் தாய்வானிலும் அதைவிடக் கூட, இஸ்ரேலில் குறைவு. ஆனால் ஆட்கள் தங்களைப் பக்கத்து வீட்டுக்காரரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நாடுகளை வரிசைப்படுத்த அந்த எண்கள் போதாது.

பம்பலப்பிட்டி அப்பா ஒருவர்: மகனின் எதிர்காலத்தை இது கெடுக்குமா?

ஐயா, அது ஊரைப் பொறுத்தது. அமெரிக்காவில் கூச்சமுள்ள சிறுவர்கள் கல்யாணம், பிள்ளை, நிலையான தொழில் எல்லாவற்றுக்கும் பிந்தினார்கள் என்று 1988இல் ஒரு ஆய்வு வந்தது. சுவீடனில் அதே கேள்வியை 1996இல் பார்த்தபோது கல்யாணம் பிந்தியது, தொழில் பாதிக்கப்படவில்லை. அங்கே அடிபட்டது கூச்சமுள்ள பெண்பிள்ளைகளின் படிப்பு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சீனாவின் ஷாங்காய் நகரத்தில் செய்த ஆய்வு. 1990இல் அங்கே கூச்சமுள்ள, அடக்கமான பிள்ளைகளைச் சகமாணவர்களுக்குப் பிடித்தது, தலைமைப் பொறுப்பும் கிடைத்தது. 2002இல் அதே நகரத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒதுக்கப்பட்டார்கள், மனச்சோர்வும் கூட. இடையில் சந்தைப் பொருளாதாரம் வந்து, துணிந்து முன்னுக்கு வருகிறவனையே பள்ளிக்கூடம் தேடத் தொடங்கியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே நாளில் நடக்கிறது. காலையில் வகுப்பில் பிரசன்டேஷன், பின்னேரம் விருந்தினர் முன்னால் "வாயை மூடிக்கொண்டு இரு". மகனிடம் கோபப்படுமுன் அதை நினையுங்கள்.

இன்னொருவர்: இது வருத்தமா?

கூச்சம் வருத்தம் இல்லை. பயத்தால் பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல் மாதக்கணக்கில் நின்றால் மட்டும் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.