கல்லூரி உதவித்தொகையும் தாம்பரம் வீடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். இங்கேயே பிறந்த மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள்; மகன் இரண்டு வகுப்பு இளையவன். எங்கள் இருவர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 1,60,000 டாலர். தாம்பரத்தில் வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் அடுக்ககம் இருக்கிறது. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். “நமக்கெல்லாம் ஒன்றும் கிடைக்காது, கல்லூரி உதவிக்காக அமெரிக்கக் கூட்டரசுக்குப் போடும் ஃபாஃப்சா விண்ணப்பமே வீண்” என்கிறார் ஒரு நண்பர். “போடு, ஆனால் ஊர் வீட்டைக் காட்டாதே” என்கிறார் இன்னொருவர். மகள் கேட்பதெல்லாம் தனியார் கல்லூரிகள். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதல் நண்பர் சொல்வது பாதி சரி. இரண்டாமவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஃபாஃப்சா படிவம் உங்கள் வருமானம், சேமிப்பு, குடும்பத்தின் அளவு ஆகியவற்றை வைத்து மாணவர் உதவிக் குறியீடு என்று ஓர் எண்ணைத் தருகிறது. கல்லூரியின் மொத்தச் செலவில் அந்த எண்ணைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அவர்கள் கணக்கில் உங்கள் தேவை. ஒரு பேச்சுக்கு உங்கள் எண் 38,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36,000 டாலர் ஆகும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்குத் தேவையே இல்லை என்றாகிவிடும்; 90,000 ஆகும் தனியார் கல்லூரியில் தேவை 52,000. அதை முழுமையாக ஈடுகட்டுவதாக வாக்குத் தருபவை சில கல்லூரிகள்தான், அவற்றில் இடம் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. மற்றவை கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டும். ஹார்வர்டு 2025-26 கல்வியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்கு மிகாத, வழக்கமான அளவில் சொத்துள்ள குடும்பங்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்று அறிவித்திருக்கிறது. பெயர் அதிகம் கேள்விப்படாத ஒரு தனியார் கல்லூரி அதே குடும்பத்திடம் ஆண்டுக்கு 60,000 கேட்கக்கூடும். ஆகவே ‘நமக்குக் கிடைக்காது’ என்பதை எந்தக் கல்லூரியில் என்று சேர்த்துத்தான் பேச வேண்டும்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூட்டரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் மானியம் உங்கள் வருமானத்துக்கு வராது. ஆனால் மாணவி தன் பெயரில் முதலாண்டு 5,500 டாலர் வரை வாங்கக்கூடிய கூட்டரசுக் கடனுக்கு வருமான வரம்பு கிடையாது, அதற்கும் ஃபாஃப்சா வேண்டும். மகள் குடியுரிமை பெற்றவள் என்பதால் உங்கள் விசா எதுவானாலும் தடையில்லை. மகனும் கல்லூரிக்கு வரும்போது பாரம் பாதியாகும் என்று யாராவது சொன்னால் அது பழைய விதி. 2024-25 படிவத்திலிருந்து அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது.

இனி தாம்பரம் வீடு. குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியக் கணக்குகளையும் ஃபாஃப்சா கேட்பதில்லை. வேறு எந்த வீடும், எந்த நாட்டில் இருந்தாலும், காட்டப்பட வேண்டிய சொத்துதான். படிவத்தில் கையெழுத்திடும் நாளில் அது என்ன விலைக்குப் போகும் என்பதில் மீதமுள்ள வீட்டுக் கடனைக் கழித்து எழுத வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்து வழிகாட்டி மதிப்பை எழுதுவது கணக்காகாது. நிகர மதிப்பு 70,000 டாலர் என்றால், பெற்றோர் சொத்துக்கான உச்ச விகிதமான 5.64 விழுக்காட்டில் உங்கள் எண் ஏறக்குறைய 4,000 கூடும், அவ்வளவுதான். வாடகையை அமெரிக்க வரிக்கணக்கில் காட்டியிருப்பீர்கள், காட்டியிருக்கவும் வேண்டும். அந்த வரிக்கணக்கு விவரம் உங்கள் ஒப்புதலோடு நேரடியாகப் படிவத்துக்கு வந்து சேர்கிறது. வாடகை வரும் வீட்டை இல்லையென்று எழுதுவது எத்தனை நாள் நிற்கும்? தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 20,000 டாலர் வரை அபராதமோ சிறையோ இரண்டுமோ வரலாம் என்று படிவமே எச்சரிக்கிறது. நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது, மகள் பெயரில் வங்கியில் போட்டு வைத்திருக்கும் பணத்தை. மாணவர் சொத்தில் 20 விழுக்காட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதே 70,000 அவள் பெயரில் இருந்தால் 14,000 ஏறும். கல்விக்கென்றே சேமிக்கும் 529 கணக்கில் இருப்பது மட்டும் பெற்றோர் சொத்தாகவே கொள்ளப்படும்.

தனியார் கல்லூரிகள் பல இதற்கு மேல் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற நீண்ட படிவத்தையும் கேட்கும். அது குடியிருக்கும் வீட்டையும் விடாது. அதைக் கணக்கில் சேர்ப்பதும் விடுவதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய தொல்லை: தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறி, முதலெழுத்து விரிந்தும் விரியாமலும் இருக்கும் ஆவணங்கள். சமூகப் பாதுகாப்பு அட்டையில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே ஃபாஃப்சாவுக்கான இணையக் கணக்கைத் தொடங்குங்கள்; இல்லையென்றால் பெயர் பொருந்தாமல் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும்.

படிவத்தைவிடக் கடினமானது மகளிடம் பேசுவது. நம் வீடுகளில் பிள்ளைகளிடம் சம்பளத்தைச் சொல்வதில்லை. ‘நீ படி, பணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிட்டு, ஏப்ரலில் இடம் கிடைத்த பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறோம். அது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று நீங்களும் மனைவியும் முடிவு செய்து, விண்ணப்பிக்கும் முன்பே அந்தத் தொகையைச் சொல்லுங்கள். கூட்டரசு உதவி வழங்கும் ஒவ்வொரு கல்லூரியும் 2011 முதல் தன் இணையதளத்தில் நிகரச் செலவுக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அவளையே பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுப் பாருங்கள். தாம்பரம் வாடகை, தொழில் வருமானம் போன்றவை இருந்தால் அந்தக் கணிப்பு சற்றுப் பிசகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியில் வரும் உதவிக் கடிதத்தில் மானியமும் கடனும் ஒரே பத்தியில், ஒரே முகத்தோடு நிற்கும். கடனை அடித்துவிட்டுக் கூட்டுங்கள். பெற்றோர் பெயரில் வாங்கும் ப்ளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோர் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. வரம்பு வந்தது நல்லது என்பது என் எண்ணம். ஐம்பது வயதில் அந்தக் கடனை எடுப்பவர்கள் எழுபதிலும் கட்டுகிறார்கள்.

அம்மாவுக்கு அனுப்பும் பணத்துக்கு ஃபாஃப்சாவில் கட்டமே இல்லை. சிஎஸ்எஸ் படிவத்தில் சிறப்புச் சூழ்நிலையை விளக்க இடமுண்டு, அங்கே எழுதுங்கள். இடம் கிடைத்த பிறகு அந்தக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கும் தனியாகக் கடிதம் எழுதலாம். சூழ்நிலையைப் பார்த்துத் தொகையை மாற்றச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் தருகிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. எழுதும்போது ஓராண்டுக்கான வங்கிச் சான்றுகளை இணையுங்கள். அவை இல்லாமல் கடிதத்தை எடுத்துப் பார்க்க மாட்டார்கள்.