கடலுக்குள் போவது நாம் இல்லை தம்பி, சாமான்தான்

கோவை கணபதியில் ஒரு வால்வு பட்டறையில் ஆறு வருடம் லேத் ஓட்டியிருக்கிறேன், நார்வேயில் ஸ்டவாங்கர் பக்கம் கடலடி எண்ணெய்க் கிணற்றுச் சாமான் பூட்டும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமுங்களா என்று கேட்டிருந்தீர்கள். நடுக்கடலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்று அம்மா பயப்படுவதாகவும் சொன்னீர்கள். நான் அங்கே போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. இப்போது லீவில் அன்னூர்த் தோட்டத்தில் இருக்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு. உங்கள் வேலை கூரைக்கடியில், ஷெட்டில். பொழுதோட வீட்டுக்கு வந்துவிடலாம். கடல் மேடையில் வேலை செய்பவர்கள் வேறு ஆட்கள். இரண்டு வாரம் அங்கே, நான்கு வாரம் வீட்டில் என்பது அவர்கள் கணக்கு.

நேற்று எங்கள் போர் மோட்டார் காயில் போய்விட்டது. 1000 அடி. வண்டி வந்து, குழாய் குழாயாகக் கழற்றி, இருட்டுவதற்குள் மேலே எடுத்துவிட்டோம். நார்வேக் கடலில் பல இடங்களில் ஆழம் இதே 300 மீட்டர்தான். ஆனால் அங்கே ஒரு வால்வு மக்கர் செய்தால் கப்பல் பேசி, அலை அடங்கும் நாள் பார்த்து, ரோபோவை இறக்கித்தான் தொட முடியும். அதனால்தான் ரோபோவின் கேமராவுக்குத் தெரிய எல்லாவற்றுக்கும் மஞ்சள் பெயிண்ட். ரோபோ பிடித்துத் திருக அதற்கேற்ற கைப்பிடி.

கிணற்று வாயில் உட்காரும் வால்வு அடுக்குக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர். கேட்டதும் சிரித்துவிட்டேன். பல மரங்களிலிருந்து வருவது மேனிஃபோல்டில் சேர்ந்து ஒரே குழாயில் போகும். கரையிலிருந்தோ மேடையிலிருந்தோ கரண்ட், சிக்னல், ஹைட்ராலிக் எண்ணெய், மருந்து எல்லாவற்றையும் கொண்டுவருவது அம்பிலிக்கல், அதாவது தொப்புள்கொடி. மருந்து எதற்கென்றால், எரிவாயுவும் தண்ணீரும் அழுத்தத்தில் சேர்ந்தால் பூஜ்யம் டிகிரிக்கு மேலேயே ஐஸ் போல உறைந்து குழாயை அடைத்துவிடும். 2007-இல் ஓட ஆரம்பித்த ஓர்மன் லாங்கே எரிவாயு வயலில் கடல் தரையே பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்து கிடக்கிறது. வாயு அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் குழாயில் கரைக்கு வரவேண்டும். அதில் கிளைக்கால் (glycol) என்ற அந்த மருந்தைக் கலக்காமல் முடியாது.

இனி என் கதை. முதல் வருடம், கசிவை அடைக்கும் சீல் உட்காரும் காடியில் மயிரிழை போல ஒரு கீறல். நகத்தால் தடவினால் லேசாகத் தட்டியது. நம்ம ஊர்ப் புத்தி. எமரித் தாளில் நாலு இழுப்பு இழுத்து, கிரீஸ் தடவி மாட்டிவிட்டேன். பிரஷர் டெஸ்டில் 500 பார் அழுத்தத்துக்கு மேல் ஏற்றிப் பூட்டி வைத்தார்கள். திரையில் கோடு நேராகப் போகவேண்டும். ஆறாவது நிமிடம் மெல்லச் சாய்ந்தது, அதாவது கசிகிறது. ஃபோர்மேன் கத்தவில்லை. "தேய்த்ததை எழுதி வைத்தாயா?" என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை. கழற்றி மறுபடி பூட்ட இரண்டு நாள் போனது. கீறலுக்காக யாரும் கோபப்படவில்லை. எழுதாமல் விட்டதற்காக மூன்று மாதம் என்னை டெஸ்ட் பக்கமே விடவில்லை.

ஆகவே உங்கள் கைவேலையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தாராளமாகப் போதும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமுங்க" என்பதை மட்டும் கணபதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திச் சொன்னால் போதும், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், மேனேஜரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். எனக்கு அது வாயில் வர ஒரு வருடம் ஆனது.

டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதைக்கூடத் தாங்கலாம், பதினொன்றரைக்கு எல்லோரும் டப்பாவைத் திறந்து ஆறிப்போன ரொட்டித் துண்டைத் தின்னும்போதுதான் அரிசிம்பருப்புச் சாதத்தில் வளர்ந்தவனுக்கு அழுகை வரும். பருப்பும் அரிசியும் ஈழத்தமிழர் கடையில் கிடைக்கும். நம் "ஏனுங்க"வைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அம்மா நெய் கட்டித் தந்தால் மட்டும் வாங்காதீர்கள். பால் பொருள் என்று விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.